பதினேழாவது ஷாட்

ரயில் போகும்வரை சுட மாட்டோம்.
தண்டவாளம் நடுங்கினால் எங்கள் கண்ணாடிகளும் நடுங்கும்.
பெள்ளன் வாசலில் நின்று காது கொடுப்பார்.
கீழே கேத்திப் பள்ளத்தில் கேரட் கழுவும் சத்தம்,
பனிமூட்டத்துக்குள் யாரோ யாரையோ திட்டும் சத்தம்.
பிறகு கையைத் தூக்குவார்: போய்விட்டது.

பன்னிரண்டு மீட்டர் குழல்.
ஒரு முனையில் வெடிமருந்தும் செப்புத் தகடும்.
மறுமுனையில், எஃகுக் கூட்டுக்குள்,
சட்டைப் பொத்தான் அளவில் ஒரு குவார்ட்ஸ் வில்லை.
நான்கு நாள் தேய்த்து மெருகேற்றியவள் நான்.
கடைசி நாளில் அதில் என் கண் தெரிந்தது,
கண்ணுக்குப் பின்னால் ஜன்னலும்.

தகட்டின் வேகத்துக்குக் கணக்கு இருக்கிறது.
இப்படி வைத்துக்கொள்ளுங்கள்:
குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் பத்து விநாடி.

மெதுவாக அழுத்தினால் படிகம் பேச்சுக்கு வரும்.
ஒரு தளம் கொஞ்சம் நழுவிக்கொடுக்கும்,
ஓர் அணு பக்கத்து இடத்துக்குக் குடிபோகும்,
பாரத்தை எல்லோருமாகப் பங்கு போட்டுக்கொள்வார்கள்.
திடீரென்று அடித்தால் அதெல்லாம் இல்லை.
செய்தி ஒலியின் வேகத்தில்தான் போகும்,
அடி அதையும் முந்திக்கொண்டு வரும்.
முன்வரிசை நசுங்கிவிட்டது,
பின்வரிசை இன்னும் நேற்றில் நிற்கிறது.

அன்று திங்கள்.
எல்லநள்ளி வளைவில் காட்டெருமை நின்றதால்
டாக்டர் இமல்டா முக்கால் மணி நேரம் தாமதம்.
பம்பு இரைந்து இரைந்து காற்றை உறிஞ்சியது.
ஐந்து, நான்கு, மூன்று எண்ணினோம்.

டொம்.

கேரட் கழுவுகிறவர்கள் நிமிரவில்லை.
பதினாறு முறை கேட்டுப் பழகிவிட்டார்கள்.

அலைகாட்டியில் நேர்கோடு.
தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே நேர்கோடு,
ஒன்றுமே நடக்காத ஊரின் பஞ்சாயத்துக் குறிப்பு மாதிரி.
கொட்டகையின் பின்மூலையில்
எலி கடித்த கேபிள் கிடந்தது.
பதினோரு மாத வேலை.
டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி
துடைத்தார், மாட்டினார், மறுபடி துடைத்தார்.
"எலிக்கு நான்தான் பொறுப்பு" என்றார் பெள்ளன்,
ஏதோ அதை வளர்த்தவர் போல.

கூட்டை லேத்தில் வைத்துத் திறந்தேன்.
தண்ணீர் ஊற்றி, விரற்கடை விரற்கடையாக.
வில்லை இருந்தது. தெளிவு போய்,
நீர் விட்ட பால் நிறம்.
குறுக்கே ஒரு விரிசல், சரியாக நடுவில்.
அழுத்தம் உடைத்ததில்லை அது.
அழுத்தம் விலகியபோது
இரண்டு பக்கமிருந்தும் வந்த தளர்ச்சி
நடுவில் சந்தித்து இழுத்த இடம்.
பிடித்திருந்த நேரம் தாங்கிக்கொண்டது;
விட்டதும் உடைந்தது.

பாதியைப் பிசினில் ஒட்டி
தலைமுடியில் பாதிப் பருமனுக்குத் தேய்த்தேன்.
நுண்ணோக்கிக்குக் கீழே கோடுகள்.
நெருக்கமாக, இணையாக, ஒரு திசையில்;
அதை வெட்டிக்கொண்டு இன்னொரு திசையில்.
தேயிலை வரிசை என்று சொல்ல நாக்கு வரும்.
வேண்டாம்.
தேயிலை வரிசை சரிவுக்கு வளைந்து கொடுக்கும்.
இவை வளையவில்லை. ஒவ்வொரு கோடும்
படிகம் தன் ஒழுங்கை மறந்து கண்ணாடியான தடம்.
ஆனால் மறந்ததைக்கூட
தன் தளங்களின் கோணம் தப்பாமல் மறந்திருக்கிறது.

பொன்னான கருவிகளெல்லாம் கோட்டைவிட்ட
அந்த அரை மைக்ரோ விநாடியை
இந்தப் பால் நிறச் சில்லு மட்டும்
எழுதி வைத்திருக்கிறது.
முழுதாக இல்லை. எவ்வளவு நேரம் என்று எழுதவில்லை.
எந்தக் கோணத்தில் என்று எழுதியிருக்கிறது.
அன்றிரவு எட்டுவரை கோணங்களை அளந்தேன்.

பெள்ளன் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார்,
நெடுநேரம்.
"வலிச்சிருக்குமா இதுக்கு?"

டாக்டர் இல்லை என்றார்.
நான், நேரம் இருந்திருக்காது என்றேன்.
இரண்டும் ஒன்றல்ல என்று
வண்டி ஏறும்போதுதான் தோன்றியது.

பதினெட்டாவது ஷாட்டுக்குப் பட்டியல் போட்டோம்:
செப்புத் தகடு, வில்லை, புது கேபிள்,
எலிப்பொறி இரண்டு,
மசால் வடை.